லாஸ்கோம் வீட்டுக் குளம்

உக்காரு பிள்ள, பெட்டிய அந்த ஓரத்துல வை. பெனிட்டாதானே உன் பேரு? நாகர்கோவில் பிள்ளைன்னு ஏஜென்சில சொன்னாவ. நான் பாளையங்கோட்டை. ஜெபக்கனி. இங்கன யாருக்கும் அந்தப் பேரு வாயில நிக்காது, கானின்னுதான் கூப்பிடுதாவ. உன்னைய பென்னின்னு ஆக்கிருவாவ, கோவிச்சுக்காத.

நாலு மணிக்கு எனக்கு கார் வருது. ரூபர்ட் ஐயா அனுப்புதாரு. நீ பாத்துக்கிடப் போற லேடி அம்மாவுக்கு ஒரே மகன், லண்டன்ல இருக்காரு. மாத்திர விவரமெல்லாம் எழுதி ஃபிரிட்ஜுல ஒட்டியிருக்கேன், அத நீயே பாத்துக்கிடுவ. வயசானவியளப் பாக்குத வேலை உனக்குப் புதுசு இல்ல. ஆனா இந்த வீட்டப் பத்தி வெளிய கண்டதையும் பேசுதாவ. மெல்வர்ட்டன் ஹால்ல இறங்கணும்னு நீ சொன்ன உடனே அந்த பஸ் டிரைவர் ஒரு மாதிரி பாத்தானா இல்லியா? பாத்திருப்பான். அதான் சொல்லுதேன், உள்ளது உள்ளபடி எங்கிட்ட கேட்டுக்கோ. நல்ல குடும்பம். அத முதல்ல மனசுல வச்சிக்கோ. மூணு வருசத்துல லேடி அம்மா என்னைய ஒரு நாள் கூட சத்தம் போட்டதில்ல.

ஒண்ணு மட்டும் மறந்துராத. முன்பக்கத்துப் பெரிய ரூம் இருக்குல்லா, அங்க சன்னல் திரைய தொறக்கவே கூடாது. அந்த ரூம்லதான் லேடி அம்மா நாப்பது வருசமா காலைச் சாப்பாடு சாப்பிட்டாவ. அந்தச் சன்னல் முன்னால உக்காந்தா குளம் தெரியும். தெரிஞ்சுது. இவிய லேக்குன்னு சொல்லுவாவ, நமக்கு அது குளந்தான். முன்னூறு ஏக்கர் தோட்டத்துக்கு நடுவுல, வெள்ளித் தட்டு மாதிரி. அதுக்காகத்தான் இந்த வீடே பேரெடுத்துச்சு.

ஆரம்பத்துல இருந்தே சொல்லுதேன். ஜோசையா லாஸ்கோம்னு இந்தக் குடும்பத்து முன்னோரு ஒருத்தரு, இருநூத்தி முப்பது நாப்பது வருசத்துக்கு முந்தி, கம்பெனி உத்தியோகத்துல மெட்ராசுக்கு வந்தவரு. நம்ம பக்கமும் வந்திருக்காரு பாத்துக்கோ. பாளையங்கோட்டைக் கோட்டைக்குள்ள ஆறு மாசம் இருந்தாருன்னு மாடில இருக்கே குடும்ப புஸ்தகம், அதுல போட்டிருக்கு. அத வாசிச்சப்பம் எனக்கு என்னமோ சொந்தக்காரங்க வீட்டுக்கே வந்துட்ட மாதிரி இருந்துச்சு. அங்க சம்பாதிச்சதக் கொண்டாந்துதான் இந்த வீட்ட வாங்கிப் பெரிசாக்கினாரு. அப்புறம் சன்னல்ல இருந்து பாத்தா தண்ணி தெரியணும்னு ஆசைப்பட்டாரு. முன்னால ஓடையும் பள்ளமும் இருந்துச்சு. பள்ளத்துல ஒரு ஊரும் இருந்துச்சு. ஊர அங்கன இருந்து எடுத்தாச்சு. ஓடைக்குக் குறுக்க கரை போட்டாச்சு. எடுத்த சனத்துக்குக் கரைக்கு அந்தப் பக்கம், கீழ, வரிசையா பன்னெண்டு வீடு கட்டிக் குடுத்தாரு. நெதர் மெல்வர்ட்டன்னு பேரு. சும்மா வெரட்டிவிடல பாத்தியா, வீடு கட்டிக் குடுத்தாரு. சில குடிசைகளை அகற்றி ஏரி அமைத்தார்னு புஸ்தகத்துல ஒரு வரி.

பொறவு வந்தவிய எல்லாரும் பெரிய ஆட்கள். ஒருத்தர் செடி கொடி ஆராய்ச்சி செஞ்சவரு, இமயமலையெல்லாம் ஏறினவரு. அங்க இருந்து ரோடடெண்ட்ரான்னு ஒரு பூச்செடி கொண்டாந்து கரை நெடுகிலும் நட்டாரு. மே மாசம் பூத்தா கரையே பத்தி எரியுத மாதிரி இருக்கும், தூரதேசத்துல இருந்தெல்லாம் பாக்க வருவாவ. அவரு மகன் ஜெனரல். யாரோ இளவரசர் வாராருன்னு அவரு குளத்து மறுகால மாத்திக் கட்டினாரு. நம்மூர்ல குளம் நிறைஞ்சா மிச்சத் தண்ணி வழிஞ்சு போகுமே, அந்த இடம். அது அகலமா, மொட்டையா இருந்துச்சுன்னு, குறுக்கி, கல்லு வச்சு, அருவி மாதிரி விழுத படிக்கு அழகா ஆக்கிட்டாரு. இளவரசர் வந்து பாத்தாராம். அந்தப் போட்டோ படிக்கட்டுல மாட்டியிருக்கு.

எங்க அப்பா பொதுப்பணித்துறைல லஸ்கர். குளத்துக்கரைய நடந்து பாத்து, மடைய தொறந்து அடைக்குத வேலை. நான் வந்த புதுசுல அந்தக் கரைல நடந்தப்பம் முதல்ல நினைச்சது அதத்தான். கரை மேல மரம் நிக்கலாமா, வேரு கரையத் துளைக்காதா? மறுகால இப்பிடிக் குறுக்கலாமா, வெள்ளம் வந்தா தண்ணி போக வழி வேண்டாமா? எங்க அப்பா பாத்தா மரத்த வெட்ட அரிவாள எடுத்துருவாரு. ஆனா இது இங்கிலாந்து, இவியளுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்.

போன ஆகஸ்டு மாசம் இங்க மழையே இல்ல. புல்லெல்லாம் காஞ்சு கோரை மாதிரி ஆயிட்டு. கரைக்குக் கீழ, வெளிப்பக்கம், ஒரு இடம் மட்டும் பச்சைப்பசேல்னு இருந்துச்சு. காலு வச்சேன், செருப்பு பொதுக்குன்னு உள்ள போச்சு. செப்டம்பர்ல அங்கன இருந்து விரல் தண்டி தண்ணி வர ஆரம்பிச்சுது.

கசிவுன்னா உடனே பயப்பட வேண்டாம், அத நானும் சொல்லுவேன். எல்லாக் கரையும் கொஞ்சம் கசியும். தெளிவா வந்தா ஒண்ணுமில்ல. கலங்கி வந்தா, கரைக்குள்ள இருந்து மண்ணு போகுதுன்னு அர்த்தம். அதனால நான் ஒரு ஜாம் ஜாடிய எடுத்துட்டுப் போயி தினமும் பிடிச்சேன். லேடி அம்மாவுக்குப் பதினோரு மணி மாத்திர குடுத்துட்டு ஒரு நடை. ஜாடிய இந்தச் சன்னல்ல வச்சு, தேதி எழுதி ஒட்டுவேன். அக்டோபர் தெளிவு. நவம்பர் தெளிவு. டிசம்பர் ரெண்டாவது வாரம் அடில டீத்தூள் மாதிரி படிஞ்சிருந்துச்சு. மறுநாள் இன்னும் கொஞ்சம். மூணாம் நாள் ஒரு விரக்கடை மண்ணு.

அந்த ஜாடிய அப்பிடியே எடுத்துட்டு லேடி அம்மாகிட்ட போனேன். சன்னல் முன்னால உக்காந்து முட்டை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாவ.

"கரை உள்ள அரிக்குது. தண்ணியக் கொஞ்சம் இறக்கணும். உடனே யாரையாவது கூப்பிடணும்"னு சொன்னேன்.

ஜாடிய வாங்கி வெளிச்சத்துல பாத்தாவ. ரொம்ப நேரம் பாத்தாவ. "கானி, எனக்கு எண்பத்தெட்டு ஆகுது"ன்னாவ. "இன்ஜினியருங்க வந்தா முதல்ல குளத்த வத்த வைப்பாங்க. மறுபடி நிரப்ப ரெண்டு வருசம் ஆகும். நான் சேத்தப் பாத்துக்கிட்டே சாகணுமா?"

அதுக்கு மேல எதுத்துப் பேசலாமா? சொல்லு. எண்பத்தெட்டு வயசு மனுசி.

அந்தத் தண்ணிய கேமீலியாப் பூச்செடித் தொட்டில ஊத்தச் சொன்னாவ. ஊத்தினேன். மத்த ஜாடிகளையும் கழுவி வச்சிருன்னாவ. கழுவி, தொடைச்சு, அந்த வாரமே ஆரஞ்சு மார்மலேட் போட்டு வச்சேன். மேல் தட்டுல இருக்கு, நீ சாப்பிட்டுக்கோ.

ஜனவரில கரை பாக்குத இன்ஜினியர் வந்தாரு. பத்து வருசத்துக்கு ஒருக்கா வரணும்னு சட்டமாம். அதுக்கு முந்தின நாள் ரூபர்ட் ஐயா போன்ல எங்கிட்ட பேசினாரு. அவரு பேசுதது அபூர்வம். இன்ஜினியர் ஏதாவது சொல்லி வீட்ட மூட வேண்டி வந்தா அம்மாவ முதியோர் ஹோமுக்கு அனுப்பணும், உன் விசாவும் இந்த வேலையோட கட்டினது இல்லியா, அத நினைச்சா எனக்கு வருத்தமா இருக்குன்னாரு. என்னைய நினைச்சு வருத்தப்பட்டாரு பாரு. அன்னைக்கு சாயங்காலம் நான் போயி அந்தக் கசிவு மேல இலைச் சருகெல்லாம் அள்ளிப் போட்டுட்டு வந்தேன். யாரும் சொல்லிச் செய்யல. பாக்க அசிங்கமா இருந்துச்சு, மூடினேன்.

இன்ஜினியர் சின்ன வயசுக்காரரு, நல்ல மாதிரி. கரைல எங்கயாவது தண்ணி வருதான்னு கேட்டாரு. "கானியக் கேளுங்க, அவதான் தினமும் அங்க நடக்கா"ன்னு லேடி அம்மா என்னையக் காட்டினாவ. "இங்கிலாந்துல ஈரமில்லாத இடம் எது சார்?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டாரு. செடியெல்லாம் வெட்டணும், மார்ச்ல கருவியெல்லாம் கொண்டாந்து இன்னொருக்கா பாக்கேன்னு எழுதிக்கிட்டுப் போனாரு. மார்ச்ல வாரவரு அன்னைக்கே நல்லாப் பாத்திருக்கலாம்லா?

கீழ, கரையை ஒட்டின முதல் வீட்டுல டெரக்னு ஒருத்தர் இருந்தாரு. டெரக் ப்ரைஸ். நான் மனசுக்குள்ள அண்ணாச்சின்னுதான் சொல்லுவேன். எழுபது வயசு, ரிட்டயரானவரு, கோழி வளப்பாரு. அவரு பாட்டன் பூட்டனெல்லாம் அந்தப் பள்ளத்து ஊர்ல இருந்து எழுப்பிவிட்டவிய. சம்சாரம் மொரீன். ஞாயித்துக்கிழமை மேட்டுல உள்ள சர்ச்சுக்கு என்னையக் கார்ல கூட்டிட்டுப் போறது அவியதான். கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கையுறை பின்னிக் குடுத்தா அந்த அக்கா.

இன்ஜினியர் வந்துட்டுப் போன மறுநாள் நான் கரைக்குக் கீழ நடந்து போறேன், அண்ணாச்சி அங்க நிக்காரு. கைத்தடியால இலைய எல்லாம் ஒதுக்கி விட்டுட்டாரு. தண்ணி வந்துக்கிட்டு இருக்கு. விரல் தண்டி இல்ல இப்பம், மணிக்கட்டு தண்டி.

"கானி, உங்க அப்பா தண்ணி பாக்குத வேலை செஞ்சாருன்னு சொல்லியிருக்க. இது தெளிவா வருதா, கலங்கி வருதா? எனக்குக் கண்ணுல புரை. அடுத்த மாசந்தான் ஆபரேஷன். எதப் பாத்தாலும் பழுப்பாத்தான் தெரியுது"ன்னாரு.

நான் குனிஞ்சு பாத்தேன். கையில அள்ளியும் பாத்தேன்.

"தெளிவாத்தான் வருது"ன்னு சொன்னேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவருக்கு முகமெல்லாம் லேசாயிட்டு. வா கானின்னு கூட்டிட்டுப் போயி தோட்டத்துல இருந்து லீக்ஸ், நம்ம வெங்காயத்தாள் மாதிரி இருக்கும், ஒரு கட்டு பிடுங்கிக் குடுத்தாரு. அன்னைக்கு சூப்பு வச்சேன், லேடி அம்மா ரெண்டு கிண்ணம் குடிச்சாவ.

என்ன பிள்ள அப்பிடிப் பாக்க? நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப? லேடி அம்மா வீட்டுக்குள்ள இருக்கேன், அவிய சோத்தச் சாப்பிடுதேன். வீட்டு விஷயத்த வெளிய சொல்லலாமா? டீ ஆறுது, குடி.

பிப்ரவரில நாலு நாள் விடாம மழை. ஞாயித்துக்கிழமை காலைல மழை விட்டு வெறிச்சிருந்துச்சு. லேடி அம்மாவுக்கு சளி, அதனால நான் சர்ச்சுக்குப் போகல. நெதர் மெல்வர்ட்டன்ல அனேகமா எல்லாரும் மேட்டுக்குப் போயிட்டாவ, ஏதோ ஞானஸ்நானம். மணி ஒம்பதே முக்கா. முட்டை ஓட்ட உடைச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கேன். வெளிய லாரில ஜல்லி தட்டுத மாதிரி ஒரு சத்தம். நிமிந்து பாத்தா, கரை மேல இருந்த ரோடடெண்ட்ரான் செடி ஒண்ணு நின்னவாக்குல கீழ இறங்குது. ஆளு குழிக்குள்ள இறங்குத மாதிரி. அதுக்கு நேரா குளத்துல தண்ணி சுத்துது.

போன் மேசை மேலதான் இருந்துச்சு. எடுக்கக் கைய நீட்டினேன். லேடி அம்மா என் மணிக்கட்டப் பிடிச்சாவ.

"பொறு, கானி"ன்னாவ. "ஒருவேளை அது தானா நின்னுரும்."

அவ்வளவு பலம் அவிய கையில நான் பாத்ததில்ல. அவிய என்னையப் பாக்கல, தண்ணியப் பாத்துக்கிட்டே பிடிச்சிருந்தாவ. ரெண்டு நிமிசம் இருக்கும். மூணு கூட இருக்கலாம். பக்கத்துச் செடியும் இறங்குச்சு. பயம் பாத்துக்கோ. வயசானவியளுக்குப் பயம் வந்தா கையப் பிடிக்கத்தான செய்வாவ. நான் உதறியிருக்கலாம். எண்பத்தெட்டு வயசுக் கைய எப்பிடி உதற?

அவியளா விட்ட பொறவுதான் டெரக் அண்ணாச்சி வீட்டுக்குப் போன் போட்டேன். கண் ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாள், சர்ச்சுக்குப் போகாம வீட்டுலதான் இருப்பாருன்னு எனக்குத் தெரியும். மணி அடிக்குது. எடுக்கல. கோழிக்கூட்டுக்குப் போயிருப்பாரு. அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு அடிக்கிறது நின்னுட்டு. கட் பண்ணல, நின்னுட்டு. அதே நேரம் கரை நடுவுல வாய் தொறந்தாப்ல ஆச்சு, நான் சன்னல்ல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்.

பன்னெண்டு வீட்டுல ஒம்பது போச்சு. ஆளு ஒருத்தர்தான். அந்த ஞானஸ்நானம் இல்லேன்னா நினைச்சே பாக்க முடியல. டெரக் அண்ணாச்சிய மூணாம் நாள் ரெண்டு மைலுக்கு அப்பால வேலியில எடுத்தாவ.

மத்தியானத்துக்குள்ள குளம் காலி. சேறு. அந்தச் சேத்துக்குள்ள இருந்து பழைய ஊரு வெளிய வந்துச்சு. தெரு தெரியுது, கிணறு தெரியுது, வீட்டு வாசப்படிக் கல்லெல்லாம் வரிசையா தெரியுது. நான் எண்ணினேன், முப்பத்தொண்ணு. லேடி அம்மாவும் பாத்தாவ. "சில குடிசைகள்தான்"னு சொன்னாவ. அப்புறம் திரைய இழுக்கச் சொன்னாவ. அன்னையில இருந்து அந்தத் திரைய தொறக்கல, கட்டிலையும் குதிரைக் கொட்டடிப் பக்கத்து ரூமுக்கு மாத்தியாச்சு. காலைல எந்திரிச்சா "குளம் எப்பிடி இருக்கு?"ன்னு கேப்பாவ. "நல்லாருக்கு"ன்னு சொல்லணும். நீயும் அப்பிடியே சொல்லு. கரைய மறுபடி கட்டுததுக்கு ரூபர்ட் ஐயா ஆள் பாத்துக்கிட்டு இருக்காரு. அதே உயரத்துக்கு.

அடக்கத்துக்கு இந்த வீட்டுல இருந்து நான் ஒருத்திதான் போனேன். மொரீன் அக்கா என்னையப் பாத்ததும் வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "மழை ஆரம்பிச்சதும் மகன் வீட்டுக்குப் போயிருவோம்னு நான் சொன்னேன் கானி. அவருதான், கானி பாத்துச் சொல்லிட்டா, தண்ணி தெளிவு, பயமில்லன்னுட்டாரு. சாகுத வரைக்கும் உன்னைய நல்லாத்தான் சொன்னாரு"ன்னா. என் கையில முத்தம் குடுத்தா. அத எதுக்கு எங்கிட்ட சொன்னான்னு தெரியல. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல. சர்ச்சுக்குள்ள அவ்வளவு குளிரு, காச்சல் வரப்போகுதுன்னு நினைச்சேன்.

அந்த வாரம் ரூபர்ட் ஐயா வக்கீலோட வந்தாரு. இந்த மேசைலதான் உக்காந்தாவ. ஒரு தாள் டைப் பண்ணிக் கொண்டாந்திருந்தாவ. டிசம்பர்ல லேடி லாஸ்கோம் இன்ஜினியருக்குப் போன் பண்ணும்படி எங்கிட்ட சொன்னதாவும், நான் மறந்துட்டதாவும், நானே ஐயாகிட்ட சொன்ன அந்த இலை போட்டு மூடின விஷயம் என் சொந்த யோசனைன்னும் இருந்துச்சு. நான் வாசிச்சேன் பிள்ள. வாசிக்காம போடல. "இது அப்பிடி நடக்கலியே"ன்னு கேட்டேன்.

ரூபர்ட் ஐயா நாற்காலிய எனக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "கானி, அம்மாவ இந்த வயசுல கோர்ட்டுல நிறுத்த முடியுமா? செத்துருவாங்க. நீ மறந்துட்டேன்னா அது மனுசத் தவறு, யாரும் பெரிசா எடுக்க மாட்டாங்க. நீ எங்களுக்கு வேலைக்காரி இல்ல. குடும்பத்துல ஒருத்தி"ன்னாரு.

குடும்பத்துல ஒருத்தின்னு சொல்லிட்டாரு. அதுக்குப் பொறவு எப்பிடி மாட்டேன்னு சொல்ல? போட்டேன். பேனாவும் அவரோடதுதான், தங்க முள்ளு. இன்னைக்கு டவுனுக்குப் போயி அதே விஷயத்த வாயால ஒருக்கா சொல்லணுமாம், அவ்வளவுதான். அத முடிச்சா வேற நல்ல இடமா பாத்து வச்சிருக்கேன்னாரு. எந்த இடம்னு இன்னும் சொல்லல.

கார் சத்தம் கேக்குது. மணி மூணரைதான ஆகுது? முன்னாலயே வந்துட்டாவ போல. சன்னல்ல இருந்து பாரு பிள்ள, எனக்குக் கண்ணாடி மேல இருக்கு. ரூபர்ட் ஐயாவா? இல்லியா. ரெண்டு பேரா? அந்தப் பொம்பள சட்டைல என்னமோ எழுதியிருக்கே, என்னன்னு வாசி.

போலீஸா.

சரி. துணைக்கு அனுப்பியிருப்பாரு. ஊருக்காரங்க கல்லெறிஞ்சாலும் எறிவாங்கன்னு நினைச்சிருப்பாரு. நீ போயி கதவத் தொற, நான் லேடி அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேன். மூணு வருசம் இருந்திருக்கேன், சொல்லாம போகக் கூடாது.

...பெனிட்டா, இங்கன வா. லேடி அம்மா ரூம் கதவு தொறக்கல. நீ தள்ளிப் பாரு. உள்ள தாழ் போட்டிருக்கு. அவிய எந்திரிச்சு நடக்கவே என் கை வேணும், தாழ் எப்பிடிப் போட்டாவ? உள்ள நடக்குத சத்தம் கேட்டுச்சே, இப்பம் நின்னுட்டு.

வேண்டாம், தட்டாத. தூங்குதாவளா இருக்கும். நான் போயிட்டு வாரேன்னு சொன்னதா, எந்திரிச்சதும் சொல்லு.